துப்பாக்கி சரி, தோட்டாதான் தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராணுவ போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களை (போல்ட் என்ற அடைப்பைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) வேட்டைக்குப் பயன்படுத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை கையில் பேனாவோடு. ராணுவப் பணிமனையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்து, இந்தத் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவன் நான். அவற்றை யார் புகழ்ந்தாலும் எனக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. ராணுவத் தோட்டா மலிவு, அதையே வேட்டைக்கும் போடலாம் என்கிறார் கட்டுரையாளர். போரைக் கண்ட துப்பாக்கியைப் புதிதாகச் சோதிக்க எதுவுமில்லை என்றும் சொல்கிறார். முதல் யோசனை விலங்கை வதைக்கும். இரண்டாவது, சுடுகிறவனையே பதம் பார்த்துவிடும்.

துப்பாக்கிகளின் தரத்தில் எனக்கு மறுப்பே இல்லை. 1898-இல் ஜெர்மன் படை ஏற்ற மவுசரின் போல்ட் அமைப்பைப் பார்த்துத்தான் பிற்கால வேட்டை ரைஃபிள்கள் பல செய்யப்பட்டன. முதல் உலகப் போருக்காகச் செய்த அமெரிக்க ரைஃபிள் எம்1917-இன் வடிவத்தையே ரெமிங்டன் நிறுவனம் ‘மாடல் 30’ என்ற வேட்டைத் துப்பாக்கியாக விற்றது. ஸ்வீடனின் 6.5 மி.மீ. மவுசரால் அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் மான்களைச் சுட்டிருக்கிறார்கள். கனடாவின் வடகோடியில் ரேஞ்சர் படையினர் 1947-இலிருந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டைத்தான் தோளில் சுமந்தார்கள். உறைபனியில் மக்கர் பண்ணாத துப்பாக்கி அது.

இனி தோட்டாவுக்கு வருகிறேன். தோட்டாவின் நுனியிலிருந்து பாய்கிற ராணுவக் குண்டு, நுனி வரை உலோகக் கவசம் போர்த்தியது. அது அப்படியே நீடிக்க ஒரு முக்கியக் காரணம் 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம். உடலுக்குள் போய் எளிதில் விரிந்து தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று நாடுகள் அதில் ஒப்புக்கொண்டன. அந்தச் சர்ச்சைக்கு வித்திட்டதில் முக்கியமானது கல்கத்தா அருகே டம்டம் படைக்கலச் சாலையில் செய்த மென்முனைக் குண்டு. போரில் கூடாது என்று ஒதுக்கிய அதே குணம்தான் வேட்டையில் தேவைப்படுகிறது. விரிகிற குண்டு தன் வேகத்தை விலங்கின் உடலுக்குள்ளேயே செலவழிக்கும். நெஞ்சில் சரியாகப் பட்டால் விலங்கு அதிக தூரம் போகாது. கவசக் குண்டு பெரும்பாலும் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். சிறு துளையோடு அந்த மான் காட்டுக்குள் ஓடும், எங்கோ கிடந்து சாகும். பெரிய விலங்குகளுக்குக் கவசக் குண்டு கூடாது என்று பல இடங்களின் வேட்டை விதிகள் சொல்வது சும்மா இல்லை.

லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவில் வரும் ஏழாம் வகைக் குண்டு உள்ளே போனதும் புரளுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். புரளும்தான். அதன் முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ வைத்து, பின்பக்கத்தைக் கனமாக்கியிருந்தார்கள். ஆனால் எங்கே புரளும், எவ்வளவு ஆழத்தில் புரளும் என்பது சுடுகிறவன் கையில் இல்லை. அதை நம்பி ஓர் உயிரின் மேல் விசையை அழுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அதே .303-க்கு மென்முனைத் தோட்டா கிடைக்கிறது. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசை அதில் செலவழியுங்கள்.

சோதனை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துப்பாக்கிகளைப் படையிலிருந்து கழிக்கும்போது போல்ட்டுகளைத் தனியே கழற்றிக் குவியலாகப் போட்டுவிடுவது உண்டு. பிறகு கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவார்கள். போல்ட்டில் ஓர் எண், அது பொருந்தும் உலோக உடலான ரிசீவரில் வேறோர் எண் என்று இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்போம். அது கூடிவிட்டால் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் இழுபட்டு மெலியும், சில சமயம் இரண்டாகப் பிரியும். அளப்பதற்குக் ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்கள் உண்டு. கோ-வின் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோ-வின் மேல் மூடக் கூடாது. நான்காம் வகை லீ-என்ஃபீல்டில் இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளே வந்தன. எங்கள் மேசை இழுப்பறையில் அவை எப்போதும் உருண்டுகொண்டிருக்கும்.

கேஜ் வைத்து அளந்த பிறகும் சுட்ட கூட்டை வீசி எறியாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடியுங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கூடு அங்கே இழுபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு, சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் கொக்கி அங்கே தட்டும். அந்தக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பக் கூடாது. சேறு படிந்த தோட்டாவும் நுழைய வேண்டும் என்பதற்காக லீ-என்ஃபீல்டின் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் குழியை, தாராளமாகவே குடைந்திருப்பார்கள். அதனால் இந்த வளையம் அதில் அடிக்கடி தென்படும்.

பெயரை நம்பித் தோட்டா வாங்குவதும் ஆபத்து. 8 மி.மீ. மவுசர் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுக் குண்டுகள் உலவுகின்றன: 1888-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு உரிய .318 அங்குலம், பின்னால் வந்த .323 அங்குலம். சிறிய குழலில் பெரிய குண்டைச் செலுத்தினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழலை அளந்து பார்த்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் வேறொரு தொல்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலை செய்தவற்றில் 8,00,000-க்குக் கீழே வரிசை எண் உள்ள ரிசீவர்கள் சில, சூட்டுப்பதம் தவறியதால் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியவை. உலையில் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் கணித்தார்களாம். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். அந்த எண்களைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், சுட வேண்டாம்.

பழைய ராணுவத் தோட்டாவைப் பயிற்சிக்கு மட்டும் சுடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) எரிந்தபின் குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஓரிரு நாளில் குழல் செம்மண் நிறமாகிவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்துச் சேம்பர் பக்கமாக ஊற்றுங்கள். குழல் சூடேறித் தானே உலரும், அதன் பிறகு எண்ணெய். போல்ட்டின் உள்ளேயும் பாருங்கள். கிடங்கில் பூசிய கிரீஸ், பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னைச் சுற்றி இறுகிக் கிடந்தால், குளிரில் விசையை அழுத்தியதும் ‘டொக்’ என்று சோம்பலாக ஒரு சத்தம் வரும், தோட்டா வெடிக்காது.

குறிபார்ப்பானையும் மறக்க வேண்டாம். ஸ்வீடன் எம்96-இன் பின் குறிபார்ப்பானில் மிகக் குறைந்த அளவே 300 மீட்டர். மான் நிற்பதோ 100 மீட்டருக்குள். அப்படியே சுட்டால் ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். உயரமான முன் குறி மாட்டினால் தீர்ந்தது.

தொலைநோக்கி மாட்டுவதற்காக ரிசீவரைத் துளைப்பது, கட்டையை அறுப்பது, குழலைக் குறுக்குவது எனக் கட்டுரையாளர் சொல்லும் வைத்தியம் எல்லாம் ஏற்கெனவே சிதைந்த துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். அப்படிப்பட்டவை ஏராளமாகக் கிடைக்கின்றன, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்களும் பொருந்தி முழுசாக இருப்பதன் மேல் ரம்பம் வைப்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட படத்தின் கீழே ‘மவுசர் 98’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டி விசைக் காப்புக்கு முன்னால் கீழே துருத்திக்கொண்டு நிற்கிறது. மவுசர் 98-இல் அது கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். அது ரஷ்யாவின் மோசின்-நாகன். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரும் 8 மி.மீ. மவுசர் தோட்டா தேடிப் போக மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர்