மாமாவுக்குப் பின்னால் 20 மூட்டை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா,
தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். அம்மா, அண்ணி, பாப்பா ஆகியோரின் நலனையும் உங்கள் நலனையும் அறிய விரும்புகிறேன்.

பாப்பாவுக்கு ஆங்கிலத்தில் ‘பிரிப்பொசிஷன்’ (மேல், பின்னால் போலப் பெயருக்கு முன் நிற்கும் சொல்) வரும் இடமெல்லாம் மதிப்பெண் குறைகிறது என்றும், இங்கே அன்றாடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை எழுதினால் அவளுக்கு உதவும் என்றும் சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நான் எடுத்த மதிப்பெண் உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் இங்கே கோயில் சிற்ப வேலைக்கு வந்து, நான்கு மாதம் சாரத்தின் மேல் நின்று கற்றதை எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்பவர்களின் பெயர்கள் கோவெண்டர், மூட்லி, பில்லே என்றுதான் முடிகின்றன. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் இவர்கள். கோயிலில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுவார்கள். ஆயாவையும் தாத்தாவையும் அப்படியே அழைப்பார்கள். ஆனால் சுண்ணாம்பு எங்கே, மணல் எங்கே என்பதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆகவே, மணலைக் கண்டுபிடிப்பதற்காகவாவது நான் இந்த இலக்கணத்தைக் கற்க வேண்டியதாயிற்று.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வந்த இரண்டாம் வாரம், சிமெண்டு ஏற்றி வந்த லாரியை அனுப்பிவிட்டுக் கோயில் நிர்வாகி ஒருவர், “பிஹைண்ட் மை அங்கிள்'ஸ்” 20 மூட்டையை இறக்கி வைக்குமாறு தொலைபேசியில் கூறினார். கடைசியில் இருந்த ‘ஸ்’ என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அதற்குப் பொருள் தெரிந்திருக்காது. அவருடைய மாமா, வயதானவர், நாள்தோறும் மண்டப வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர். நான் மூட்டைகளை வெகு ஒழுங்காக அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அடுக்க வைத்தேன். பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு பெய்த மழையில் ஆறு மூட்டை கல்லாகிவிட்டது. நிர்வாகி குறிப்பிட்டது மாமாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையை.

வீடு என்ற சொல்லே இல்லாத இடத்தில் வீட்டை நான் எப்படிக் கண்டுகொள்வது என்று அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, நீங்கள் வகுப்பில் நடத்தும் வேற்றுமைத் தொகைதான் நினைவுக்கு வந்தது. நாம் ‘மாமாவின் வீடு’ என்பதைச் சுருக்கினால் ‘மாமா வீடு’ என்கிறோம். உருபு மறைகிறது, வீடு நிற்கிறது. ஆங்கிலத்திலோ வீடு மறைகிறது, உருபு நிற்கிறது. “அட் மை ஆன்ட்டி'ஸ்” என்றால் அத்தை வீட்டில். “அட் த டாக்டர்'ஸ்” என்றால் மருத்துவரின் இடத்தில். “அட் த பார்பர்'ஸ்” என்றால் முடி திருத்தும் கடையில். பாப்பாவிடம் இதை மட்டும் சொன்னால்கூடப் போதும்: அந்த ‘ஸ்’ஸுக்குப் பின் சொல் எதுவும் வராவிட்டால், அங்கே பெரும்பாலும் ஒரு வீடோ கடையோ ஒளிந்திருக்கிறது. இங்குள்ளவர்கள் ‘அட்’ வர வேண்டிய இடத்தில் ‘பை’ போட்டு, “பை மை ஆயா'ஸ் பிளேஸ்” என்றும் பேசுகிறார்கள். கேட்க எனக்கு இனிமையாகவே இருக்கிறது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

சொற்களின் வரிசையைப் பற்றிப் பாப்பா அஞ்ச வேண்டியதில்லை. ‘என் மாமாவின் வீட்டுக்குப் பின்னால்’ என்பதில், கடைசியில் இருக்கும் ‘பின்னால்’ ஒன்றை மட்டும் தூக்கி முன்னே வைத்துவிட்டால் “பிஹைண்ட் மை அங்கிள்'ஸ் ஹவுஸ்” ஆகிவிடுகிறது. என், மாமாவின், வீடு என்ற மூன்றும் நாம் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. ‘ஆஃப்’ வரும்போதுதான் தொல்லை. ‘கோயிலின் கூரையின் மேல்’ என்பது “ஆன் த ரூஃப் ஆஃப் த டெம்பிள்” என்று முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. நாம் அச்சில் இடவலம் மாற்றிச் செதுக்குவது போல, கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி முதற்சொல்லில் முடிக்க வேண்டும். மனிதருக்கும் விலங்குக்கும் பெரும்பாலும் ‘ஸ்’, உயிரற்ற பொருளுக்குப் பெரும்பாலும் ‘ஆஃப்’ என்று வைத்துக்கொள்ளலாம். காலம் உயிரற்றதாயினும் ‘ஸ்’ வாங்கிக்கொள்கிறது: “இன் டூ வீக்ஸ்' டைம்” என்றால் இரண்டு வாரத்தில். அதில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) ‘ஸ்’ஸுக்குப் பின்னால் வரும், ஏனென்றால் வாரங்கள் பன்மை.

நன்னூலார் இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்குச் சொன்ன 28 உருபுகளில் கால், தலை, வாய் என்று உடலுறுப்புகளின் பெயர்களும் உண்டு என்று நீங்கள் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: “இன் ஃப்ரண்ட் ஆஃப்” என்பதிலுள்ள ‘ஃப்ரண்ட்’ நெற்றியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதியில் கண்டேன். ‘பேக்’ என்பது நேராகவே முதுகு. இந்த முதுகில்தான் இரண்டாம் முறை வழுக்கினேன். தமிழில் ‘என் வீடு’, ‘என் பின்னால்’ என்று இரண்டு இடத்திலும் ‘என்’ தான் வருகிறது. ஆங்கிலத்தில் வீட்டுக்கு ‘மை’. ஆனால் ‘பிஹைண்ட்’டுக்குப் பின் பெயர்ச்சொல் இல்லாவிட்டால் ‘மீ’. நான் ‘என் பின்னால்’ என்பதை நினைத்து ‘மை’ என்று தொடங்கிவிட்டு, ஏதோ குறைகிறதே என்று ஒரு ‘பேக்’கையும் சேர்த்து, சாரத்தில் நின்ற பையனிடம், என் முதுகுக்குப் பின்னால் வேலை செய்யாதே என்றேன். “பிஹைண்ட் மை பேக்” என்றால் எனக்குத் தெரியாமல், என்னை ஏமாற்றி என்று பொருளாம். பையன் முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சமாதானப்படுத்த ஒரு தேநீர் செலவாயிற்று.

பூசத்தன்று காவடி பார்க்கப் போயிருந்தேன். நாம் ‘தோளில் காவடி எடுக்கிறார்’, ‘நாக்கில் வேல் குத்தியிருக்கிறார்’ என்போம். யாருடைய தோள், யாருடைய நாக்கு என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் “ஆன் ஹிஸ் ஷோல்டர்ஸ்”, “த்ரூ ஹிஸ் டங்” என்று உடையவரைக் குறித்தே தீர வேண்டும். ஆனால் ஒருவர் இன்னொருவர் தலையில் அடித்தால், “ஹிட் மீ ஆன் த ஹெட்” என்று, அடி வாங்கியவர் முன்பே வந்துவிடுவதால் தலைக்கு வெறும் ‘த’ போதும். பாப்பாவின் பாடநூலில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ‘அப்பாவின் சிலை’ என்று நாம் சொன்னால், அப்பாவைப் போலச் செய்த சிலையா, அப்பா செய்த சிலையா, அப்பாவிடம் இருந்த சிலையா என்பது பேச்சின் போக்கில்தான் விளங்கும். ஆங்கிலத்தில் “எ ஸ்டாச்யூ ஆஃப் மை ஃபாதர்” என்றால் அவருடைய உருவம். “எ ஸ்டாச்யூ ஆஃப் மை ஃபாதர்'ஸ்” என்றால் அவர் செய்தது அல்லது அவருக்கு உரியது. ‘ஆஃப்’ இருக்கும்போது ‘ஸ்’ எதற்கு என்று முதலில் எரிச்சல் வந்தது. அப்பா செய்த நந்தியின் படத்தைக் கைப்பேசியில் இங்குள்ளவர்களுக்குக் காட்டியபோது ‘ஸ்’ஸை விட்டுவிட்டேன், உங்கள் தந்தை நந்தியா என்று ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இங்கே பின்புறம் திறந்த சிறு வண்டியைப் ‘பக்கி’ என்கிறார்கள். உளியெல்லாம் “இன் மை பிரதர்'ஸ் பக்கி” என்று மேஸ்திரி சொன்னபோது, அவருடைய தம்பி எனக்கு ஏதோ பாக்கி தர வேண்டும்போலும் என்று எண்ணி, மாலை வரை உளியில்லாமல் காத்திருந்தேன்.

கோயில் விமானத்தின் கிழக்கு முகம் முடிந்துவிட்டது. தெற்கு முகத்தில் துவாரபாலகர்களின் கைகள் பாக்கி. அதற்குச் சாந்து பூசும் அப்பாவின் சிறு கரணை தேவைப்படுகிறது. பரணில் அம்மாவின் பித்தளை அண்டாவுக்குப் பின்னால், அப்பாவின் பழைய பைக்குள் இருக்கும். அடுத்த மாதம் நம் ஊரிலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவர் இங்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புங்கள். கரணை எங்கே இருந்தது என்பதைப் பாப்பாவே ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பையிலேயே வைத்துவிடட்டும்.

அன்புடன்,
தம்பி