எத்தனை இன்ச் என்று கேட்கும் முன் ஹாலை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கடலூரில் ஆளாளுக்குப் பெரிய டிவியாகத் தேடி வாங்குவதைப் பார்த்தால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கினாலும் சரி, கடையில் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதைத்தான். அப்புறம், "இன்னும் கொஞ்சம் போட்டா 55 வந்துடும், இஎம்ஐ-ல பெரிசா தெரியாது" என்பார்கள். ஹால் எத்தனை அடி, எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள், வீட்டில் அதிகம் ஓடுவது சீரியலா கிரிக்கெட்டா என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

55 இன்ச் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக எடுக்கிற அளவு. வீட்டுக்கு வேண்டியது அகலமும் உயரமும். 43 இன்ச் டிவி ஏறக்குறைய 3 அடி 2 இன்ச் அகலம் வரும். 55 என்றால் 4 அடிக்குக் கொஞ்சம் மேலே, 65 என்றால் 4 அடி 9 இன்ச். 43-க்கும் 55-க்கும் 12 இன்ச்தானே வித்தியாசம் என்று நினைக்கிறோம், ஆனால் பரப்பளவில் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஷோகேஸ் செய்யும்போதே டிவிக்கென்று ஆசாரி சரியாக 4 அடி இடம் விட்டிருந்தார். வந்த 55 இன்ச் டிவி அதைவிட அரை இன்ச் போல அதிகம். அந்த அரை இன்ச்சுக்காக பக்கப் பலகையை அறுக்கப் போய், மைக்கா சில்லு சில்லாகப் பெயர்ந்து, கடைசியில் ஒரு பக்கப் பலகையையே எடுத்துவிட்டார்கள். பழைய மேசை மேல் வைக்கலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. இப்போதைய டிவிகள் பலவற்றுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன, குழாய் டிவி காலத்து மேசையில் ஒரு கால் வெளியே தொங்கும்.

சரி, எவ்வளவு தூரத்துக்கு எத்தனை இன்ச்? டேப் எடுத்து சுவருக்குச் சுவர் அளக்காதீர்கள், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 10 அடி ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும், சாய்ந்து உட்கார்ந்தால் தலை ஒன்றரை அடி முன்னால் வந்துவிடும், எதிரே டிவியும் சுவரிலிருந்து சில இன்ச் தள்ளியே நிற்கும். ஆக மிச்சம் 8 அடி, அதாவது 96 இன்ச். நல்ல தெளிவான படம் பார்ப்பவர்கள் டிவி அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்காரலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 43-க்கு ஐந்தரை அடி, 55-க்கு 7 அடி, 65-க்கு 8 அடி. அப்படியானால் 10 அடி ஹாலில் 65 வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஓடிடியில் 4கே என்கிற மிகத் தெளிவான படம் மட்டுமே ஓடுகிற வீடு என்றால் தாராளமாக வைக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நம் வீடுகளில் காலையில் ராசிபலனில் தொடங்கி ராத்திரி செய்தி வரை ஓடுவது பெரும்பாலும் கேபிள் பாக்ஸில் வருகிற சாதாரண எஸ்டி சேனல்தான். இங்கேதான் எல்லாம் மாறிவிடுகிறது. எஸ்டி படத்தில் இருப்பது ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் இருப்பது 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியும் இருபது இடத்தை நிரப்பியாக வேண்டும். இடையில் உள்ளதை டிவி தானே யூகித்துப் போட்டுக்கொள்கிறது, அதனால்தான் சீரியலில் வரும் முகங்கள் மெழுகு பூசியது போலவும், அடியில் ஓடும் எழுத்துகள் ஓரம் மங்கியும் தெரிகின்றன. டிவி ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். எஸ்டி பார்க்க இரண்டரை மடங்கு தூரமாவது வேண்டும் என்பது என் கணக்கு. 8 அடியில் உட்காருகிறவருக்கு அது 40 இன்ச்சைக்கூடத் தொடாது. அதனால் 10 அடி ஹால், கேபிள்தான் அதிகம் என்றால் 43 போதும். அதே ஹாலில் படமும் கிரிக்கெட்டும் எச்டியில் பார்ப்பவர்கள் 55 வாங்கலாம்.

கடையில் ஓடுவது கிளியும் அருவியுமாக 4கேயில் எடுத்த விளம்பரப் படம், வெளிச்சத்தையும் கடைசி வரை ஏற்றி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "நம்ம கேபிள்ல வர்ற ஒரு சாதா தமிழ்ச் சேனலைப் போடுங்க" என்று கேளுங்கள். போட்டதும் நேரே நின்று மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள், சில பேனல்களில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். கூடம் வைத்த பழைய வீடுகளில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அளவைவிட இது முக்கியம்.

சின்னதாக வாங்கிக் கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியைப் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு 32 இன்ச்சே பெரிசு. ஆனால் 14 அடி கூடத்தின் அந்தக் கோடியில் கட்டிலில் படுத்துப் பார்க்கும் பாட்டிக்கு 32 இன்ச்சில் எழுத்து எதுவும் தெரியாது. அந்த வீட்டுக்கு 55 ஆடம்பரம் ஆகாது. இன்னொன்று, பிள்ளை அடிக்கடி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறது என்றால் பெரிய டிவி வாங்குவதற்கு முன் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கிட்டப்பார்வையாகவும் இருக்கலாம்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். வாங்க நினைக்கிற டிவியின் அகல உயரத்துக்குப் பழைய நாளிதழ் தாள்களைச் சேர்த்து ஒட்டி, டிவி வரப்போகிற சுவரில் செல்லோடேப் போட்டு மாட்டிவிட்டு, இரண்டு நாள் அதற்கு எதிரே வழக்கம்போல் உட்காருங்கள். ரூம் கதவு திறக்கும்போது இடிக்கிறதா, சுவிட்ச் போர்டை மறைக்கிறதா, மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

உயரத்தையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். சோபாவில் உட்காருபவரின் கண் மட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி போல, தரையில் பாய் விரித்து உட்காருபவருக்கு இரண்டரை அடிதான். திரையின் நடுப்பகுதி அதை ஒட்டி வர வேண்டும். ஆனால் எலக்ட்ரீஷியன் ப்ளக் பாயின்ட்டை ஆறடியில் வைத்துவிட்டால் டிவியும் அங்கேயே ஏறிவிடுகிறது, வீட்டில் எல்லாருக்கும் கழுத்து வலி. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த தாழ்வான பகுதிக்காரர்கள் உயரத்தில் மாட்டுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கும் என் யோசனை, கண் மட்டத்தில் மாட்டுங்கள், எளிதில் கழற்றுகிற மாதிரி மாட்டுங்கள். 43 இன்ச் டிவியை இரண்டு பேர் சேர்ந்து கழற்றிப் பரணில் ஏற்றிவிடலாம், 65-ஐ அந்த அவசரத்தில் ஏற்ற முடியாது. தேவனாம்பட்டினம் போல கடலை ஒட்டிய வீடுகளில் ஸ்க்ரூவும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும், அதன்பின் கழற்ற வராது.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள், விலைச் சீட்டிலேயே அகலம், உயரம், எத்தனை அடியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற மூன்றையும் தமிழில் எழுதி வையுங்கள். எஸ்டிக்குத் தனி, எச்டிக்குத் தனி என்று இரண்டு தூரமாக எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் நாளிதழில் பண்டிகைக்குப் பண்டிகை முழுப்பக்க டிவி விளம்பரம் வருகிறது. அதே பக்கத்தில் ஒரு ஓரமாக இந்த அளவுகளை ஒரு சின்னக் கட்டத்தில் நீங்களே போட்டுவிடுங்கள். வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.