நிறம் போன தண்ணீரில் என்ன மிச்சம் என்று கேளுங்கள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள், பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் திருப்பூரில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு சாயப்பட்டறையில், காற்றில் மின்பொறி பாய்ச்சித் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளாஸ்மா கருவி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். செக்கச்செவேல் என்றிருந்த அலசல் தண்ணீர், மின்பொறிகளுக்கு அடியில் சுற்றிச் சுற்றி ஓடி அரை மணி நேரத்தில் வெளிறிப் போனது. பட்டறைக்காரர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. “கெமிக்கல் எதுவும் சேர்க்கவில்லை, அதனால் மிச்சமும் எதுவும் இல்லை” என்று கருவி கொண்டுவந்தவர் சொன்ன பிறகுதான் மனம் உறுத்தியது.

வெளியிலிருந்து எதையும் ஊற்றவில்லை, சரி. ஆனால் மின்பொறி அங்கேயே பலவற்றைத் தயாரிக்கிறது. நீர் மூலக்கூறு உடைந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் வருகிறது. அதில் இரண்டு சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. காற்றின் ஆக்சிஜன் ஓசோன் ஆகிறது. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜனும் தப்புவதில்லை. ஆக்சைடாகித் தண்ணீரில் கரைந்து நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் தங்குகிறது. வெறும் தண்ணீரில் இதைச் செய்தால் பி.எச். (7க்குக் கீழே போகப் போக அமிலம்) 3 வரைகூட இறங்கும். சாயத் தண்ணீரில் சோடா ஆஷ் என்ற காரம் இருப்பதால் அமிலம் நம் கண்ணில் படாது. காரம் அதை விழுங்கிவிடும், நைட்ரேட் அப்படியே நிற்கும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

சாயத்துக்கு என்ன ஆகிறது? நிறம் தரும் பிணைப்பு முதலில் அறுந்துவிடும். பென்சீன் வளையங்கள் உடைய அதைவிட நேரமும் மின்சாரமும் வேண்டும். கரண்டு செலவைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினால் பீனால், குயினோன், சில சாயங்களில் அரோமேட்டிக் அமீன் என்று நச்சுத் துண்டுகள் மிஞ்சும். அப்புறம் அமிலம் ஊற்றிப் பி.எச். சரிசெய்யும்போது, நைட்ரைட்டும் பெராக்சைடும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகும். அது பீனாலை நைட்ரோபீனால் என்ற இன்னொரு நச்சாக்கும். அதாவது, கருவியை நிறுத்திய பிறகும் தொட்டிக்குள் வேதிவினை ஓடிக்கொண்டிருக்கும். சாயத்தில் கொட்டுகிற உப்பும் சும்மா இருக்காது. அதன் குளோரைடிலிருந்து குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் வரலாம். கடல் உப்பில் இருக்கும் கொஞ்சம் புரோமைடை ஓசோன், புற்றுநோய் அபாயம் உள்ள புரோமேட்டாக்கலாம்; குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

என் வேலையில் எனக்குப் பெரிய கவலை பரிசோதனையைப் பற்றியது. மிச்சமிருக்கும் பெராக்சைடு சி.ஓ.டி. (அசுத்தத்தை வேதிமுறையில் எரிக்கத் தேவையான ஆக்சிஜன்) அளவைக் கூட்டிக் காட்டும். பி.ஓ.டி. என்பது பாக்டீரியா அசுத்தத்தைத் தின்னும்போது செலவாகும் ஆக்சிஜன்; அந்தச் சோதனைப் பாட்டிலில் அதே பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் தரும், சோதனைக்காக விட்ட பாக்டீரியாவையும் கொல்லும். அளவு குறைந்து காட்டும். காகிதத்தில் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். அமிலத் தண்ணீரில் நைட்ரைட் சில மணி நேரத்தில் நைட்ரேட்டாக மாறிவிடுவதால், மறுநாள் சோதித்தால் நைட்ரைட் இருந்த தடமே தெரியாது.

பிளாஸ்மா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எளிதில் மக்காத சாயத்தையே உடைக்கிற முறை அது, எங்கள் ஊருக்குத் தேவைப்படலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையிழந்த குடும்பங்களை நான் அறிவேன். சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் நிலத்துக்கே ஆகாது என்று ஒதுக்கிய விவசாயிகளையும் அறிவேன். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908இல் குடிநீருக்குக் குளோரின் போடத் தொடங்கினார்கள். அதிலிருந்து குளோரோபார்ம் போன்ற கேடான பொருள்கள் உருவாகின்றன என்று நெதர்லாந்தில் ரூக் என்ற வேதியியலாளர் காட்டியது 1974இல். அந்தத் தாமதம் இங்கேயும் வரக்கூடாது.

அதனால் இப்படியொரு கருவிக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் நிறமும் சி.ஓ.டி.யும் மட்டும் கேட்காதீர்கள். நைட்ரைட், நைட்ரேட், பெராக்சைடு, புரோமேட், அரோமேட்டிக் அமீன், மின்முனை அரிப்பதால் வரும் குரோமியம், நிக்கல் அளவுகளையும் கேளுங்கள். சாம்பிளை எடுத்த உடனே ஒருமுறையும் 24 மணி நேரம் கழித்து ஒருமுறையும் சோதிக்கச் சொல்லுங்கள். சி.ஓ.டி., பி.ஓ.டி. பார்க்கும் முன் பெராக்சைடை அகற்றச் சொல்லுங்கள். காற்றுக்குப் பதில் ஆக்சிஜனோ ஆர்கானோ ஊதினால் நைட்ரேட் வெகுவாகக் குறையும். செலவு கூடும், அந்தக் கணக்கையும் முன்கூட்டியே வைக்கச் சொல்லுங்கள். கடைசியாக, சுத்திகரித்த தண்ணீரில் மீன் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்த அறிக்கை இல்லாமல் எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்ப் பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர்,
திருப்பூர்.