கடைமடை விவசாயியின் எடையைக் குறைக்காதீர்கள்

பெருந்திரளான மக்கள் மோதிக்கொள்ளும் விவகாரங்களில் எல்லோரையும் ஒரு முடிவுக்கு இணங்க வைக்கக் கணித மாடல் வகுக்கும் ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

ஆயிரக்கணக்கானோரின் விருப்பத்தை வாங்கி, ஒத்த கருத்துள்ளவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, குழுவுக்கு ஓர் எடை கொடுக்கிறீர்கள்; முடிவில் அதன் கருத்து எவ்வளவு செல்லும் என்பதே அந்த எடை. விலகி நிற்பவரிடம் 'கொஞ்சம் இறங்கி வாருங்கள்' என்று சுற்றுச் சுற்றாகக் கேட்கிறீர்கள். அப்படியும் அசையாதவரை ஒத்துழைக்காதவர் என்று குறித்து எடையைக் குறைக்கும் மாடல்களும் உண்டு. எனக்கு வழக்கு அந்த இடத்தில்தான்.

காவிரியையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419 டிஎம்சியிலிருந்து 404.25 ஆக்கியது. அதில் 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் போனது. இருக்கிறது, சரி. யாருக்கு? தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட் வைத்து, ஆற்றில் தண்ணீர் வருமுன்பே குறுவைக்கு நாற்று விடுபவருக்கு. வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்கு வாய்க்காலில் வந்து சேரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். உங்கள் கணக்கில் இருவரும் 'டெல்டா விவசாயி' என்ற ஒரே குழு. முதலாமவர் பத்து நாள் விட்டுக்கொடுப்பார். மற்றவரால் முடியாது, உடனே அவர் முரண்டு பிடிப்பவர் ஆகிவிடுகிறார்.

கர்நாடகத்தின் மாண்டியாவிலும் இதே கதைதான். நட்ட கரும்பு ஏறத்தாழ ஓராண்டு நிற்கும். நடுவில் தண்ணீர் வேண்டாம் என்று எந்த விவசாயி சொல்வார்?

2003-இல் இரு மாநில விவசாயிகளும் சென்னையில் கூடிப் பேசினார்கள். 'காவிரிக் குடும்பம்' என்ற விவசாயிகள் குழு அப்படித்தான் உருவானது. ஒரு தரப்பார் மறுதரப்பாரின் பகுதிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். வழக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எது பேரம், எது பிழைப்பு என்று பிரித்தறிய நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. விருப்பம் எவ்வளவு என்று கேள்வித்தாளில் வாங்கிய 0.7, 0.3 போன்ற எண்கள் அதைச் சொல்லாது.

அப்புறம், நல்ல மழை ஆண்டுக்கு உங்கள் மாடலே தேவையில்லை. கர்நாடக அணைகளான கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால் உபரி தானாகவே மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு தாண்டி வந்துவிடும். 2016-இல் பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததும், 2023-இல் பந்த் நடந்ததும் பற்றாக்குறைக் காலத்தில். அந்த ஆண்டுகளை வைத்து மாடலை ஓட்டிப் பாருங்கள்.

எடையைக் குறைக்குமுன், 'இறங்கி வந்தால் உங்களுக்கு என்ன போகும்?' என்று ஒரு கேள்வி சேருங்கள். ஒன்றுக்கு இணக்க அளவு 0.9 என்று, ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போனதாக அறிக்கையில் போடும்போது, யார் யாருடைய எடையைக் குறைத்து அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.