வண்ண அட்டையில் பெயர் மட்டும் போதாது

ஐயா,

வீட்டுச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்போர் பலர், அட்டையிலுள்ள கவர்ச்சியான பெயரைப் பார்க்கிறார்களே தவிர அருகிலிருக்கும் குறியீட்டைக் கவனிப்பதில்லை. நிறங்களை எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் என்சிஎஸ் (Natural Colour System) முறையில் 'எஸ் 2030-ஒய்90ஆர்' என்றிருந்தால், கருமை 20 விழுக்காடு, நிறச்செறிவு 30 விழுக்காடு, சாயல் மஞ்சளிலிருந்து சிவப்பை நோக்கி 90 விழுக்காடு நகர்ந்தது என்று பொருள். எந்த அழகுப் பெயரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. 0 முதல் 100 வரை குறிக்கப்படும் எல்ஆர்வி (Light Reflectance Value) எண்ணோ, சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதைக் காட்டுகிறது. இருண்ட அறைக்கு இதுவே முதலில் பார்க்க வேண்டியது.

ஒரு விளக்கின் கீழ் ஒத்திருக்கும் இரு பூச்சுகள் பகலொளியில் வேறுபடலாம் என்பதால், சுவரில் மாதிரி பூசிப் பார்ப்பதும் அவசியமே. நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு மாறுவதால், என்சிஎஸ் போன்ற பொதுக் குறியீட்டையும் எல்ஆர்வி எண்ணையும் எல்லா அட்டைகளிலும் தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்