அடிபிடிக்கும் தக்காளிச் சாறும் ஒரு ஆஸ்காரும்

ஆஸ்கார் அகாதெமியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1991 மார்ச்சில் நீங்கள் வழங்கிய விருதுகளைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுதுகிறேன். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'குட்ஃபெல்லாஸ்' 6 பரிந்துரைகளோடு வந்து, ஜோ பெஸ்கியின் துணை நடிகர் விருதோடு மட்டும் திரும்பியது. சிறந்த படம், இயக்கம் இரண்டும் 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' படத்துக்குப் போயின. அது ஆறிய புண். ஸ்கோர்செஸிக்கும் 2007இல் வேறொரு படத்துக்காக விருது கொடுத்துக் கடனைத் தீர்த்துவிட்டீர்கள். எனக்கு ஆறாதது படத்தொகுப்பு விருது. 'குட்ஃபெல்லாஸ்' படத்தைத் தொகுத்த தெல்மா ஸ்கூன்மேக்கர் போட்டியில் இருந்தும் அதையும் அந்த ஓநாய்ப் படத்துக்கே கொடுத்தீர்கள்.

'குட்ஃபெல்லாஸ்' ரவுடிகளைக் கொண்டாடும் படம் என்பார்கள். ஆமாம், முதல் பாதி கொண்டாடத்தான் செய்கிறது. கதையின் நாயகனான ரவுடி ஹென்றி தன் காதலியைக் கோபகபானா என்ற இரவு விடுதிக்கு அழைத்துப் போகிறான். வாசலில் நிற்கும் வரிசையை ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் கதவால் இறங்கி, சமையற்கட்டைக் கடந்து, மேடைக்கு முன்னால் அவர்களுக்கென்றே கொண்டுவந்து போடும் மேசைவரை, ஏறத்தாழ 3 நிமிடங்கள் ஒரு வெட்டுகூட இல்லை. அவனை எந்தக் கதவும் தடுக்காது, கத்தரிக்கோலும் தடுக்காது. நமக்கும் கிறுகிறுக்கிறது.

பிறகு வருகிறது 1980 மே 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.55க்கே தொடங்கிவிடுகிறது. துப்பாக்கிகளை விற்க வேண்டும், தம்பியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வர வேண்டும், போதைப்பொருளை அனுப்பி வைக்க வேண்டும், இரவு விருந்துக்குச் சமைக்கவும் வேண்டும். அழைக்க வந்தவனையே மருத்துவர் நோயாளியாகப் பார்க்கிறார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர். இத்தனைக்கும் நடுவில், சாறு அடிபிடித்துவிடுமே என்ற கவலை வேறு! அன்று அவனை ஒரு ஷாட்டிலும் நிம்மதியாக நிற்க விடவில்லை ஸ்கூன்மேக்கர். பார்வை பாதியில் அறுகிறது, நடை பாதியில் அறுகிறது. காவலர்கள் வந்து பிடிக்கும்போது நமக்கே மூச்சு வருகிறது. அந்த வாழ்க்கையைப் பற்றி இந்தப் படம் சொல்லும் தீர்ப்பு எந்த வசனத்திலும் இல்லை, இந்த வெட்டுகளில்தான் இருக்கிறது.

ஸ்கூன்மேக்கருக்கு ஏற்கெனவே மூன்று ஆஸ்கார்கள் உண்டு. நான்காவதைக் கேட்டு நான் எழுதவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள உங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய இருட்டறை ஒதுக்குங்கள். கோபகபானா காட்சியையும் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். கதவில் அவர் பெயர் இருக்கட்டும். ஒலியை மட்டும் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், ஹெலிகாப்டர் நம் பிடரிக்கு மேல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்டுகளை எண்ணும் ஒரு ரசிகன்