ஆண்டிஆக்சிடன்ட் கூடக் கூட நல்லதா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஆரோக்கியப் பக்கத்துல ஆண்டிஆக்சிடன்ட் (செல்லுக்குள்ள ஆக்சிஜனேற்றத்த அடக்கற பொருள்) பத்தி வந்த கட்டுரை படிச்சேன், எவ்ளோ சேருதோ அவ்ளோ நல்லதுங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. செல்லுக்குள்ள எவ்ளோ இருக்குங்கறத விட எந்த அறையில எவ்ளோ இருக்குங்கறதுதான் விஷயமே.

குளுட்டாதயோன்ங்கற ஆண்டிஆக்சிடன்டையே எடுத்துக்கோங்க. மூணு அமினோ அமிலம் சேர்ந்த சின்ன மூலக்கூறு, நம்ம செல்லே தயாரிக்குது, ஆனா சைட்டோசோல்ல, அதாவது அறைகளுக்கு வெளிய செல்ல நிரப்பியிருக்கற திரவத்துல மட்டும்தான். செல்லுக்கு சக்தி தயாரிச்சுக் குடுக்கற அறையான மைட்டோகாண்ட்ரியாவால அத செஞ்சுக்க முடியாது, ஆனா ஆக்சிஜன் அதிகமா செலவாகற இடமே அதுதான், அதனால வெளியில இருந்து வந்தே ஆகணும். எது வழியா உள்ள போகுதுன்னு ரொம்ப வருஷம் தெளிவா தெரியாம இருந்துச்சு, 2021ல ராக்பெல்லர் பல்கலைக்கழகக் குழு எஸ்எல்சி25ஏ39ங்கற புரதம்தான் உள்ள கொண்டுபோகுதுன்னு காட்டுனாங்க.

அதுக்கப்புறம் 2023ல வந்த ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மைட்டோகாண்ட்ரியா உள்ள குளுட்டாதயோன் போதுமான அளவு இருந்தா ஏஎஃப்ஜி3எல்2ங்கற ஒரு புரோட்டியேஸ் (புரதத்த வெட்டற என்சைம்) அந்தக் கடத்திப் புரதத்தையே வெட்டிப் போட்டுடுது, குறைஞ்சா வெட்டறது நின்னு புரதம் சேர்ந்து மறுபடி உள்ள இழுக்க ஆரம்பிக்குது. அதாவது வெளிய கொட்டிக் கிடந்தாலும் தேவைக்கு மேல வேண்டாம்னு செல்லே கட்டுப்பாடு வச்சிருக்கு. (மாத்திரையா முழுங்கற குளுட்டாதயோன்ல பெரும்பகுதி குடல்லயே உடைஞ்சிடும், அது தனிக் கதை.)

செல்லுக்குள்ள புரதங்கள் மடியற இன்னொரு அறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல நிலைமை அப்படியே தலைகீழ். அங்க சைட்டோசோல விட ஆக்சிஜனேற்ற நிலை அதிகமா இருக்கணும், இருந்தாத்தான் புரதம் சரியா மடியும், இன்சுலினுக்கே 3 டைசல்பைடு பிணைப்பு (ரெண்டு கந்தக அணு சேர்ற பிணைப்பு) வேணும், அது அங்கதான் உருவாகுது. அந்த இடத்துலயும் ஆண்டிஆக்சிடன்ட் ஏத்தி ஆக்சிஜனேற்றத்த மொத்தமா அடக்கிட்டா இன்சுலின் எப்படிங்க உருவாகும்? ஆக்சிஜனேற்றம் செய்யற ஹைட்ரஜன் பெராக்சைடு கூட முழு வில்லன் இல்ல, கொஞ்சமா இருக்கறப்போ செல்லுக்குள்ள சிக்னலா வேலை செய்யுது, மிஞ்சிப் போனா கேட்டலேஸ், பெராக்சிரெடாக்சின் மாதிரி என்சைம்கள் பாத்துக்குது.

1994ல வெளியான பின்லாந்து ஆய்வு இருக்கே, புகைபிடிக்கற ஆம்பளைங்க 29,133 பேர்ல செஞ்சது, அதுல தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின்ங்கற ஆண்டிஆக்சிடன்ட் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையல, 18 சதவீதம் கூடுச்சு. கட்டுரை எழுதுனவங்க இத ஒரு வரி கூட தொடலங்கறது தான் என் வருத்தம். அடுத்த தடவ இப்படி எழுதறப்போ மாத்திரை பேரோட நிறுத்தாம, அது செல்லுக்குள்ள எந்த உறுப்பு வரைக்கும் போய்ச் சேருது, அங்க தேவைதானான்னும் சேத்து எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்